அறியப்பட இசைதல்: தாமிரபரணிக் கரையில் வழிபாட்டை ஒழுங்குசெய்வோருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலியிலும் தாமிரபரணிக் கரையின் ஊர்களிலும் திருச்சபை வழிபாட்டை ஒழுங்குசெய்து நடத்திவரும் குருவானவர்களுக்கும், உபதேசியார்களுக்கும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், பாடகர் குழுவினருக்கும்:

சங்கீதப் புத்தகத்தின் 139ஆம் சங்கீதம் 24 வசனங்களைக் கொண்டது. அதன் தொடக்கத்தில் பாடகர் ஓர் உண்மையை அறிவிக்கிறார்: கடவுள் தம்மை முன்னமே ஆராய்ந்து முடித்துவிட்டார், தாம் உட்காருவதும் எழுவதும், நெஞ்சில் எழுந்து நாவுக்கு வராமலே போன சொல்லும் அவருக்குத் தெரியும். அதன் முடிவிலோ, தம்மை ஆராயும்படியும் தம் உள்ளத்தைத் தெரிந்துகொள்ளும்படியும் அதே கடவுளிடம் வேண்டுகிறார். ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒன்றை எதற்காக மறுபடியும் கேட்க வேண்டும் என்ற கேள்வியில்தான் இச்சங்கீதத்தின் உயிர் இருக்கிறது. நடுவிலுள்ள வசனங்களில் அவர் வானத்துக்கும் பாதாளத்துக்கும் கடலின் கடைக்கோடிக்கும் ஓடிப்பார்க்கிறார், இருளுக்குள் ஒளிந்துபார்க்கிறார், தாயின் கருவறையை நினைத்து வியக்கிறார், பகைவர்மீது கொதிக்கிறார். அத்தனைக்கும் பிறகு, தப்ப நினைத்தவரே தாமாக வந்து தம்மைத் திறந்து காட்டுகிறார். முழுமையாக அறியப்படுதல் கடவுளின் செயல். அதற்கு மனிதரின் அனுமதி தேவையில்லை. அறியப்பட இசைதல் மனிதரின் மறுமொழி. அதை ஒருவருக்காக மற்றொருவர் செய்துவிட முடியாது.

இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள தொலைவைச் சபை ஒன்றுசேர்ந்து நடந்து கடக்கும் வழிக்கே வழிபாடு என்று பெயர். அந்தத் தொலைவைக் காதால் மட்டும் கடக்க முடியாது என்பதையும், கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐம்புலன்களும் பங்கேற்கும் வழிபாட்டுக்குத் தேவையான பொருள்களும் மனிதர்களும் மரபும் இந்த ஆற்றங்கரையிலேயே இருக்கின்றன என்பதையும், எத்தனை அழகான வழிபாடாயினும் அது மனிதரின் இசைவைப் பறித்துக்கொண்டால் சங்கீதத்துக்கு எதிராகிவிடும் என்பதையும் எடுத்துச்சொல்லவே இம்மடல் எழுதப்படுகிறது.

முதலில், அறிதல் என்ற சொல்லைப் பற்றிச் சிறிது பார்க்க வேண்டியிருக்கிறது. இச்சங்கீதத்தில் திரும்பத் திரும்ப வரும் எபிரேயச் சொல் ‘யாதா’ என்பது. செய்தியாகத் தெரிந்துகொள்வதை மட்டும் குறிக்காமல், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அறிவதையும், பழகி உணர்ந்து உறவாகிப்போவதையும் அச்சொல் குறிக்கும். ஆனால் நெல்லைச் சீமையில் வளர்ந்த ஒருவருக்கு அறியப்படுதல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அந்த உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை. புதிதாக ஊருக்குள் வரும் ஒருவரிடம் முதலில் எந்த ஊர் என்று கேட்கப்படுகிறது. அடுத்து யார் வீட்டுப் பிள்ளை என்று. மூன்றாவதாக எந்தத் தெரு என்று. முதல் கேள்வியில் விருந்தோம்பல் இருக்கலாம், இரண்டாவதில் உறவுத் தேடல் இருக்கலாம். மூன்றாவது கேள்வி பெரும்பாலும் சாதியை அறிவதற்காகவே கேட்கப்படுகிறது. ஒரு வீட்டில் பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போவதும், மகன் கடன்பட்டதும், மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனதும் ஊருக்குத் தெரியும். இப்படி அறியப்பட்டே காயப்பட்டவர்களிடம், கடவுள் எல்லாவற்றையும் அறிவார் என்று பிரசங்கபீடத்திலிருந்து சொல்லப்படும்போது, அது ஆறுதலாக விழாமல் இன்னுமொரு கண்காணிப்பாகவே விழக்கூடும். ஊர் அறிவதற்கும் கடவுள் அறிவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லால் விளக்குவது எளிது. அதை உடல் நம்பும்படி செய்வதே கடினம்.

இந்த வேறுபாடு திருநெல்வேலித் திருச்சபையின் பிறப்பிலேயே பதிந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் 1778ஆம் ஆண்டு மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா, பிராமணக் குலத்தில் பிறந்து கணவனை இழந்தவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு திருமணமின்றி வாழ்ந்தார் என்ற காரணத்தால் அவருக்கு ஞானஸ்நானம் முதலில் மறுக்கப்பட்டது. 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் இடம்பெற்ற 40 பேரில் அவரும் ஒருவர். 1785இல் பாளையங்கோட்டையில் எழுந்த சிற்றாலயம் அவருடைய முயற்சியால் உண்டானது. ஆயினும் ஊர் அவரை அவருடைய பழைய குலத்தின் பெயராலேயே அறிந்தது. அந்த ஆலயமும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே மக்கள் வாயில் வழங்கலாயிற்று. ஊர் தெரிந்துவைத்திருந்தது அவருடைய குலத்தையும் கைம்மையையும் அவர் வாழ்ந்த வீட்டையும்தான். நடுப்பகலில் கிணற்றடிக்கு வந்த சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசியதை யோவான் நற்செய்தி கூறும்போதும் இதே வேறுபாடே துலங்குகிறது: அவளுடைய ஐந்து கணவர்களின் கதை ஊருக்கும் தெரியும், இயேசுவுக்கும் தெரியும், ஊரின் அறிவு அவளை வெயிலில் தனியே வரவைத்தது, இயேசுவின் அறிவு அவளைக் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடவைத்தது.

வழிபாட்டு இடமே சில வேளைகளில் ஊரின் அறிவைக் கல்லால் கட்டிவைத்துவிடுகிறது. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கிளைகளாகப் பிரியும் வடிவில், இரு சாதிப் பிரிவினர் ஒருவரையொருவர் தொடாமல் வழிபடும்படி கட்டப்பட்டது. 1910இல் பிரிப்பு அகற்றப்பட்டபோது அதை எதிர்த்து நீதிமன்றம் வரை வழக்கு சென்றது. அங்கே நின்ற ஒவ்வொருவரும், நற்செய்தி வாசிக்கப்படுவதற்கு முன்பே, தாம் யாராக அறியப்படுகிறோம் என்பதைச் சுவரிலிருந்து கற்றுக்கொண்டார்கள். கண்ணும் தோலும் கற்றுக்கொண்ட பாடத்தைக் காது வழியாக மட்டும் திருத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இப்பகுதியில் கிடைப்பது அரிது. ஐம்புலன் வழிபாடு வேண்டும் என்று கேட்பதற்கு அழகுணர்ச்சி ஒரு காரணமாக இருக்கலாம். அதனினும் பெரிய காரணம் இதுவே.

ஐம்புலன் வழிபாடு மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை, வேதவசனத்தை முதன்மையாகக் கொண்ட சீர்திருத்த மரபுக்கு ஒவ்வாதது என்ற தயக்கம் சபை மூப்பர்களிடையே எழுவது இயல்பே. அதற்கு மதிப்பளித்து விடை சொல்ல வேண்டும். திருவிருந்து ஆராதனையின் தொடக்கத்தில் சொல்லப்படும் தூய்மைக்கான ஜெபத்தை இங்கே முதலில் நினைக்கலாம். எல்லா இதயங்களும் திறந்து கிடக்கும் கடவுளை, எந்த இரகசியமும் மறையாத கடவுளை அழைத்துத் தொடங்கும் அந்த ஜெபம், 1549ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்தில் இடம்பெற்று, அதன் வழியே தமிழ் ஆராதனைக்கும் வந்தது. முழுமையாக அறியப்படுதல் என்ற கருத்து அப்பத்துக்கும் ரசத்துக்கும் முன்னுரையாக, அதாவது கையில் வாங்கி வாயில் வைக்கும் ஒரு செயலுக்கு வாசலாக, ஏற்கெனவே அமைக்கப்பட்டிருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், 1950இல் வந்த அதன் திருவிருந்து ஒழுங்கு, ஒருவர் கைகளுக்குள் மற்றவர் கைகளை ஏற்றுச் சமாதானம் பகிரும் தொன்மையான வழக்கத்தைச் சபையாரிடம் மீட்டுக்கொடுத்தது. உலகின் பிற திருச்சபைகள் பல அந்த ஒழுங்கைக் கண்டு கற்றுக்கொண்டன. ஆகவே, தொடுதல் இச்சபைக்கு அந்நியமன்று. அது அவசரமான கைகூப்பலாகச் சுருங்கிப்போனதே வருந்தத்தக்கது.

இந்த மண்ணின் நினைவும் இதற்குத் துணைநிற்கிறது. நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியில், அரையர் சேவை என்ற பெயரில், கூம்பு வடிவக் குல்லாய் அணிந்த அரையர்கள் தாளமிட்டுப் பாசுரத்தைப் பாடி, அதன் பொருளைக் கையசைவாலும் முகக்குறிப்பாலும் காட்டுகிறார்கள். சொல்லைக் கேட்பதோடு காணவும் வேண்டும் என்ற அறிவு இந்த ஆற்றங்கரையில் நூற்றாண்டுகளாக உண்டு. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்தவச் செய்தியைக் குறவஞ்சியாகவும் கீர்த்தனையாகவும் பாடியபோது, இதே அறிவையே சபைக்குள் கொண்டுவந்தார். குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் ஓலையில் மடக்கும் சிலுவையும், அறுப்பின் பண்டிகையன்று பீடத்தருகே குவியும் வாழைத்தாரின் மணமும், சமைக்கும்போது ஒவ்வொரு பிடியாக எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொடுக்கப்படும் கைப்பிடி அரிசியும், சபையார் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் அசனமும் வழிபாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதவை. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றி, பரட்டை என்ற பெயரால் அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தபோது, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதையே இறையியலின் நடுவில் வைத்தார். யார் சமைத்தது என்ற கேள்வி எழாத உணவில்தான் சாதி தோற்கிறது என்பது அவர் கற்பித்ததன் சாரம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பாளையங்கோட்டைக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு செல்வம் இருக்கிறது. 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்காகத் தொடங்கிய பள்ளியும், அந்நூற்றாண்டு முடிவதற்குள் பிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் செவித்திறன் அற்றோருக்காகத் தொடங்கிய பள்ளியும் ஒரே ஊரில் அமைந்தன. கண் இல்லாமலும் காது இல்லாமலும் கடவுளை வழிபடுவது எப்படி என்பதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாகக் கற்றவர்கள் இந்த ஊரின் தெருக்களில் வாழ்கிறார்கள். ஐம்புலன் வழிபாட்டுக்கு ஆசிரியர்கள் தேவையென்றால் அவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பிரெயில் எழுத்தில் அமைந்த சங்கீதம் ஒன்றை ஒருவர் வாசிப்பதை அருகிலிருந்து பார்ப்பவருக்கு இது விளங்கும். பிரெயில் என்பது, இரண்டு வரிசையில் மும்மூன்றாக அமைந்த ஆறு புள்ளிகளில் எவை புடைத்து நிற்கின்றன என்பதைக்கொண்டு எழுத்தை அறியும் முறை. ஒரு புள்ளியேனும் புடைத்து நிற்கும்படி அதில் 63 அமைப்புகள் கிடைக்கின்றன. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயிலில், மேல் இடமூலையில் தனித்து நிற்கும் ஒற்றைப் புள்ளியே ‘அ’. தடித்த தாளின்மீது வலக்கைச் சுட்டுவிரல் இடமிருந்து வலமாக நகரும்போது, இடக்கை விரல் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப்பிடித்துக் காத்திருக்கிறது. விரல் அழுத்தினால் புள்ளி மழுங்கும்; அழுத்தாமல் விட்டால் புரியாது. தாளைக் காயப்படுத்தாத அளவுக்கு மென்மையாகவும், ஒரு புள்ளியும் தவறாத அளவுக்குக் கூர்மையாகவும் அந்தத் தொடுதல் இருக்க வேண்டியிருக்கிறது. ஒன்றையும் விடாமல் அறிந்தும் ஒன்றையும் நசுக்காத அறிவு என்று கடவுளின் அறிவை விளக்க முனையும் பிரசங்கியாருக்கு, அந்த விரல்நுனியைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது கடினம். விளக்குகள் அணைந்தாலும் அந்த வாசிப்பு நிற்பதில்லை. இருளும் ஒளியும் கடவுளுக்கு ஒன்றே என்று சங்கீதம் பாடும் வரியை இருட்டில் வாசிக்கக்கூடியவர் சபையில் அவர் ஒருவரே.

பிரெயில் தாளை அடுத்து, இரண்டாவது பொருள் பாய் நெய்யும் ஊராகிய பத்தமடையிலிருந்து வருகிறது. தாயின் வயிற்றில் தாம் உருவானதைப் பாடகர் சொல்லுமிடத்தில் வரும் எபிரேய வினைச்சொல், யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் தொங்குதிரைகளுக்குப் பலவண்ண நூலால் செய்த சித்திரத்தையல் வேலையைக் குறிக்கும் அதே சொல். நெசவையும் தையலையும் அறிந்த ஒரு கை, யாரும் காணாத ஆழத்தில் மனிதரை இழைத்தது என்பதே அங்குள்ள காட்சி. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, கத்தியால் மயிரிழைபோல் கிழித்து, சாயமேற்றி, பருத்தி நூற்பாவில் ஒவ்வோர் இழையாகக் கோத்துப் பத்தமடையின் இஸ்லாமியக் குடும்பங்கள் நெய்யும் பாய், துணிபோல் மடிக்கத்தக்க அளவுக்கு மெல்லியது. திருமணப் பாயில் மணமக்களின் பெயரையும் நெய்துகொடுப்பது அங்குள்ள வழக்கம். அந்தப் பெயர் மேலே எழுதப்பட்டதன்று. இழைகளே நிறம் மாறிப் பெயராக நிற்பதால், பாயைப் பிரிக்காமல் அதை நீக்க முடியாது. ஒருவரின் பெயர் அவருடைய உடலின் இழைகளிலேயே இருக்கிறது என்றும், அதைக் கடவுள் அறிவது மேலிருந்து நோட்டமிட்டு அன்று, நெய்தவராகவே என்றும் சொல்லவரும் சங்கீதத்தை, கையில் ஒரு கோரை இழையைப் பிடித்துக்கொண்டு கேட்பவருக்கு வேறு விளக்கம் வேண்டியிராது.

இவற்றைக் கொண்டு ஒரு மாலை ஆராதனையை அமைக்கும் வழி இங்கே முன்வைக்கப்படுகிறது. பல ஊர்ச் சபைகள் ஒரு குருவானவரின் பொறுப்பில் இணைந்த வட்டமாகிய சேகரம் எதிலும் இது பெருஞ்செலவின்றி நடக்கக்கூடியது.

பொழுது சாயும் நேரத்தில், பெஞ்சுகளை ஒதுக்கி, தரையில் பாய்களை வட்டமாக விரித்து, முதியோருக்கும் முழங்கால் வலியுள்ளோருக்கும் அதே வட்டத்துக்குள் நாற்காலி இட்டால், முன்வரிசை பின்வரிசை என்ற அறிவிப்பு தானாகவே மறைகிறது. வாசலில் ஒவ்வொருவருக்கும், ஊறவைத்த கோரை இழை ஒன்றும் ஆற்றில் எடுத்த கூழாங்கல் ஒன்றும் தரப்படலாம். ஈரக் கோரையின் மணம் முதல் வாசகமாகிவிடும். தூய்மைக்கான ஜெபத்தை எல்லாரும் மெதுவாகச் சொன்னபின், ஆலயத்தில் விளக்குகள் குறைக்கப்பட்டு, பார்வையற்ற வாசகர் ஒருவர் பிரெயில் தாளிலிருந்து சங்கீதத்தை, பகைவர்மீது கோபம் பொங்கும் 19 முதல் 22 வரையிலான வசனங்களையும் விடாமல், முழுமையாக வாசிக்க வேண்டும். அவ்வசனங்களை விட்டுவிட்டு வாசிப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் மனிதரின் கசப்பையும் கடவுள் அறிவார் என்பதற்கு அந்த வரிகளே சாட்சி. பின்பு விளக்குகள் ஏற்றப்பட்டதும், அதே சங்கீதத்தைச் செவித்திறன் அற்ற ஒருவர் சைகை மொழியில் சொல்வார். அப்போது குரலும் இசையும் முற்றிலும் நிற்பதே முறை. கேட்கும் திறன் உள்ளோர் அந்த நேரத்தில் மட்டுமாவது, புரியாத மொழியில் அமர்ந்திருப்பதன் தாழ்மையைக் கற்றுக்கொள்வார்கள்.

அடுத்து, நடுவில் உருளியில் வைக்கப்பட்ட நீரை நோக்கி, விரும்புவோர் மட்டும் சென்று, கல்லைச் சிறிது நேரம் உள்ளங்கையில் பிடித்திருந்து, சொல்ல விரும்புவதை மனத்துக்குள் கடவுளிடம் சொல்லி, அதை நீரில் இடலாம். சட்டமிட்ட சிறு தறியில் தம் கோரை இழையைக் கோக்க விரும்புவோர் கோக்கலாம். அதன்பின் கைகளுக்குள் கைகளை ஏற்றுச் சமாதானம் பகிர்ந்து, எல்லா வீடுகளிலிருந்தும் வந்த கைப்பிடி அரிசியை ஒரே பானையில் கொதிக்கவைத்த கஞ்சியைக் கருப்பட்டித் துண்டோடு வட்டத்தில் அமர்ந்தே அருந்துவதோடு ஆராதனை நிறைவுறும். யார் வீட்டு அரிசி எது என்பதைப் பானையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஊர் அறியத் துடிக்கும் அந்த ஒன்று மட்டும் அங்கே அறியப்படாமல் போய்விடுகிறது.

இவ்வாறு அமைப்போர் சில எச்சரிக்கைகளைக் கைக்கொள்ள வேண்டும். அவை இல்லாவிட்டால் மேற்சொன்ன அழகுகள் அனைத்தும் தீங்காகிவிடக்கூடும்.

தம் பாவத்தையோ காயத்தையோ தாளில் எழுதித் தரும்படி யாரையும் கேட்கக் கூடாது. சிற்றூரில் கையெழுத்து அடையாளம் தெரியும். எரித்துவிடுவோம் என்ற வாக்குறுதியும் எழுதியவரின் பதற்றத்தைத் தணிக்காது. எல்லார் முன்னிலையிலும் சாட்சி சொல்ல அழைப்பதும், எழுந்து நிற்காதவரை மற்றவர் திரும்பிப் பார்க்கும்படி இடம் அமைப்பதும், சிறுபிள்ளைகளிடம் வீட்டில் நடப்பதைச் சொல்லச் சொல்வதும் அவ்வாறே விலக்கத்தக்கவை. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், செவிடும் கொன்னைவாயுமான ஒருவரை இயேசு கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துச் சென்ற பிறகே அவருடைய காதுகளில் விரல் வைத்து நாவைத் தொடுகிறார். தனிமை முதலில், தொடுதல் பிறகு என்ற அந்த வரிசை மாறக் கூடாது.

பார்வையற்றவரும் செவித்திறன் அற்றவரும் இந்த ஆராதனையில் ஆசிரியர்கள். உவமைக்காக நிறுத்தப்படும் பொருள்கள் அல்லர். ஆராதனையைத் திட்டமிடும் முதல் கூட்டத்திலேயே அவர்கள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், பிறர் எளிதில் தவறவிடும் ஒன்றை அவர்களே சுட்டிக்காட்டுவார்கள்: விளக்கை அணைப்பது பார்வையற்றவருக்கு எதையும் மாற்றாது, ஆனால் சைகை மொழியால் வாழ்பவருக்கு அது அவருடைய மொழியையே பறித்துவிடும். ஆகவே இருள்நேரம் குறுகியதாகவும், என்ன நடக்கப்போகிறது என்பது முன்கூட்டியே சைகையில் சொல்லப்பட்டதாகவும், மொழிபெயர்ப்பவரின் கைகள்மீது ஒரு சிறுவிளக்கு எரிவதாகவும் இருக்க வேண்டும். ஒருவருக்கு வாசலாக இருக்கும் புலன் மற்றொருவருக்குச் சுவராகலாம் என்ற இந்த ஒரு பாடமே, இவ்வகை வழிபாட்டின் இலக்கணத்தில் பாதி.

ஆறும் எல்லாருக்கும் ஆறுதலாக இராது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பேரணியில் 1999 ஜூலை 23 அன்று காவல்துறையின் தடியடிக்குத் தப்ப முயன்று 17 பேர் உயிரிழந்தது இந்தத் தாமிரபரணியில்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இரவோடிரவாக வீட்டை இழந்தவர்களும் இந்தக் கரையின் சபைகளில் இருக்கிறார்கள். நீரின் ஓசையும் இருளும் அவர்களுக்கு என்ன நினைவூட்டும் என்பதை முன்கூட்டியே எண்ணி, வெளியே சென்று அமர ஒரு வெளிச்சமான இடத்தையும், கேள்வி கேட்காமல் அருகில் அமர ஒருவரையும் ஏற்பாடு செய்வது கடமை. பாதாளத்தில் படுக்கை போட்டாலும் கடவுள் அங்கேயும் இருக்கிறார் என்ற பொருள்படச் சங்கீதம் பாடுவது இத்தகையோருக்காகவே. ஆனால் அவர்களைப் பாதாளத்துக்குள் மறுபடியும் இறக்கிவிட்டு அதை நிரூபிக்கும் உரிமை சபைக்கு இல்லை. பத்தமடைக் கோரையைப் பயன்படுத்துவோர், நெய்யும் குடும்பங்களுக்கு உரிய விலையைக் கொடுத்து வாங்குவதும், அது இஸ்லாமியச் சகோதரரின் கைவேலை என்பதை ஆராதனையில் வாய்திறந்து சொல்வதும் அதே நேர்மையைச் சேர்ந்தவை.

இந்த மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து டோனாவூரில், 1951இல் மறைந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. பெயர் பொறித்த கல் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டியை வைத்தார்கள்; அதில் அவரை அவர்கள் அழைத்த அம்மா என்ற சொல் மட்டுமே இருக்கிறது. உலகெங்கும் நூல்களால் அறியப்பட்ட ஒருவர், எப்படி அறியப்பட வேண்டும் என்பதைத் தாமே தெரிந்தெடுத்தார். பிள்ளைகள் அந்த விருப்பத்தை மதித்து, தங்கள் அன்பையும் மறைக்காமல் வைத்தார்கள். வழிபாட்டை அமைப்போர் மனிதரின் அந்தரங்கத்தைக் கையாள வேண்டிய விதத்துக்கு அந்தத் தொட்டி ஒரு நல்ல அளவுகோல்.

இம்மடலைப் பெறும் ஒவ்வொரு சேகரத்தாரும் வரும் ஆண்டில் ஒரு மாலையையாவது இதற்கென ஒதுக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அந்த மாலையின் முடிவில் தறியில் எத்தனை இழைகள் கோக்கப்பட்டன என்று எண்ண வேண்டாம். கோக்காத இழையை விரலில் சுற்றியபடியே வீட்டுக்குப் போகும் ஒருவரை வாசலில் நிறுத்தி ஏன் என்று கேட்கவும் வேண்டாம். சங்கீதக்காரருக்கும் முதல் வசனத்திலிருந்து கடைசி வேண்டுதலுக்கு வர வானமும் பாதாளமும் கடலும் இருளும் தேவைப்பட்டன. அந்த இழை வீட்டில் உலர்ந்து, பின்பொரு நாள் அவர் தாமாக எடுத்துவரும்வரை, அவரை முன்னமே அறிந்திருக்கும் கடவுள் பொறுத்திருக்கிறார், சபையும் பொறுத்திருக்கலாம்.

அன்புடனும் ஜெபத்துடனும்,
தாமிரபரணிக் கரையிலிருந்து.